வாயில்லா நோயாளிகளுக்காக யார் கேள்வி கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடிபட்டும் நோயுற்றும் மீட்கப்படும் காட்டுயிர்களுக்குச் சிகிச்சை அளித்து, அவற்றை மீண்டும் காட்டுக்கே அனுப்பும் தொண்டு மருத்துவமனைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் செய்திகளையும் படங்களையும் விடாமல் படித்து வருகிறேன். கூண்டின் கதவு திறக்கப்படுகிறது. பறவை ஒரு கணம் தயங்கிவிட்டு மேலெழும்புகிறது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அப்படியொரு மருத்துவமனையின் அறங்காவலர் குழுவில் 6 ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் அந்தக் கைதட்டலில் நானும் பலமுறை கலந்துகொண்டிருக்கிறேன். ஆயினும், அந்தக் கதவு சரியான நாளில் சரியான உயிருக்குத் திறக்கப்படுகிறதா என்பது கூண்டருகே முடிவாவதைவிட, மாதத்துக்கு ஒருமுறை சிலர் கூடிப் பேசும் ஓர் அறையில்தான் பெரிதும் முடிவாகிறது. அந்த அறையைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும்.

மனிதர்களுக்கான மருத்துவமனையில் தவறு நேர்ந்தால் நோயாளி புகார் சொல்வார். அவரால் முடியாத நிலையில் உறவினர்கள் சொல்வார்கள்; விவகாரம் முற்றினால் வழக்கறிஞரும் வந்து நிற்பார். வளர்ப்பு நாய்க்குக்கூட, ரசீதைப் பார்த்துச் சண்டை போடவாவது ஓர் உரிமையாளர் உண்டு. வனவிலங்கு மருத்துவமனையிலோ நோயாளி வாய் திறப்பதில்லை. அதைத் தேடி யாரும் வருவதில்லை. சிகிச்சைக்குப் பணம் கொடுத்தவர் அந்த நோயாளியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து ஒப்படைத்தவர், பிழைத்ததா என்று ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்பார். அதற்குமேல் அவருக்கும் வேலை இருக்கிறது. சட்டப்படி பார்த்தாலும் பெரும்பாலான நாடுகளில் அந்த உயிர் மருத்துவமனைக்குச் சொந்தமானதாகாது. அரசு கொடுத்த அனுமதியின் பேரில் குணமாகும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டுமே மருத்துவமனைக்கு உண்டு. ஆகவே, கேள்வி கேட்கும் வேலை முழுவதும் அறங்காவலர் குழுவின் தலையில்தான் விழுகிறது. அந்தக் குழு கேட்காமல் இருந்துவிட்டால் கேட்பதற்கு வேறு நாதியில்லை. நான் சொல்ல வந்தது இதுதான். நல்ல மனம் படைத்தவர்கள் நிறைந்த குழுதான் இப்படிக் கேட்காமல் இருந்துவிடுகிறது என்பதை என் சொந்த அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் 7-ஆம் எண் கூண்டில் ஓர் ஆந்தை இருந்தது. வாகனத்தில் அடிபட்டு வந்ததாம். உயிரைக் காப்பாற்றுவதற்காக இடது இறக்கையை முழங்கை மூட்டுக்கு மேலே துண்டித்திருந்தார்கள். நிறுவனர் அதற்குச் செல்லமாக ஒரு பெயர் வைத்திருந்தார். நன்கொடை அட்டைகளில் அதன் முகம்தான் அச்சாகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவர்கள் பலர். மருந்துச் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பதற்காக ஒருநாள் மாலை நான் போயிருந்தபோது, தலைமைக் கால்நடை மருத்துவர் ஒன்றும் பேசாமல் என்னை அந்தக் கூண்டுக்கு அழைத்துப் போனார். தடித்த கையுறையுடன் பறவையைத் துண்டில் சுற்றி எடுத்து, அதன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். ஒற்றை இறக்கையால் சமநிலை கிடைக்காமல் எப்போதும் ஒரே காலில் பாரத்தைத் தாங்கியதில் அடிப்பாதம் உருண்டு வீங்கியிருந்தது. நடுவில் கறுத்த பொருக்கு. நெஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சதை வற்றி எலும்பு கத்திமுனை போல் விரலில் இடறியது. பறவை அலகைச் சொடுக்கிக்கொண்டே இருந்தது. “கோபத்தில் சொடுக்குகிறது என்று பார்க்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். இது பயம், ஐயா. நாம் தினமும் இருமுறை கட்டு மாற்றப் போகிறோம், இரண்டு முறையும் தன்னைக் கொல்லத்தான் வருகிறோம் என்று இது நினைத்துக்கொள்கிறது” என்றார்.

அதை வலியின்றி முடித்துவிடலாம் என்று அவர் மூன்று முறை நிறுவனரிடம் கேட்டிருந்தார். மூன்று முறையும் நிறுவனர் கண்கலங்கி மறுத்துவிட்டார். இந்த மூன்று உரையாடல்களில் ஒன்றுகூடக் கூட்டக் குறிப்பேட்டில் இல்லை. அடுத்த கூட்டத்தில் நான் இதை எழுப்பியபோது எங்கள் தலைவர், “மருத்துவ விஷயங்களில் அறங்காவலர்கள் தலையிடக் கூடாது” என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். காதுக்கு அது நல்ல கொள்கையாகத்தான் பட்டது. வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது: மருத்துவரின் முடிவை மருத்துவம் படிக்காத ஒருவர் தடுத்துக்கொண்டிருந்தார், நாங்கள் சும்மா இருந்ததால் அந்தத் தடைக்குக் குழுவின் பலமும் சேர்ந்துவிட்டது. தலையிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே நாங்கள் நெடுநாளாகத் தலையிட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

இப்படிப்பட்ட முடிவுகள் தனிமனிதரின் கண்ணீரைப் பொறுத்து மாறக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட விதிகள் உலகில் இருக்கின்றன. அமெரிக்காவில் வலசைப் பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்க மத்திய அரசு வழங்கும் அனுமதியின் நிபந்தனைகளைக் கருணையற்றவர்கள் எழுதியதாகச் சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அவை கருணையோடு எழுதப்பட்டவையாகவே தோன்றுகின்றன. தானாக இரை உண்ணவோ, நிமிர்ந்து அமரவோ, மேலும் காயப்படுத்திக்கொள்ளாமல் நடமாடவோ முடியாத, சிகிச்சையாலும் அந்த நிலை மாறாத பறவையையும், இரு கண்களும் முற்றிலும் பார்வை இழந்த பறவையையும் கருணைக்கொலை செய்ய வேண்டும். காலையோ பாதத்தையோ, முழங்கை மூட்டிலோ அதற்கு மேலோ இறக்கையையோ துண்டிக்க வேண்டியிருந்தால், சிறப்பு அனுமதி இல்லாமல் அந்த அறுவை சிகிச்சையைச் செய்யவே கூடாது. கூடுதல் அனுமதி பெறாமல் எந்தப் பறவையையும் 180 நாள்களுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. எங்கள் 7-ஆம் எண் கூண்டுக்குக் கிட்டத்தட்ட வரிக்குவரி பொருந்துகிற விதிகள்! வனவிலங்கு மறுவாழ்வுப் பணியாளர்களின் சர்வதேச அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள நன்னடத்தை நெறியும், காட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாத, வேறு பயனுள்ள வாழ்வுக்கும் வழியில்லாத விலங்குக்குக் கருணைக்கொலையை ஓர் உரிமையாகவே குறிப்பிடுகிறது. உரிமை என்ற அந்தச் சொல்லை முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எங்களுக்கென்று ஒரு கொள்கையை எழுதி நிறைவேற்ற நான்கு மாதங்கள் பிடித்தன. அதன் சாரம் எளியது. எந்த நிலையில் சிகிச்சையை நிறுத்துவது என்ற பொது விதியைக் குழு வகுக்கும். தனித்தனி உயிர் குறித்த முடிவை மருத்துவர் மட்டுமே எடுப்பார். காலாண்டுக்கு ஒருமுறை அந்த முடிவுகளை வெளியிலிருந்து வரும் இன்னொரு கால்நடை மருத்துவர் பதிவேட்டை வைத்துச் சரிபார்ப்பார். தலைமை நிர்வாகியோ நிறுவனரோ குறுக்கே நின்றால் மருத்துவர் நேரடியாகக் குழுவுக்கு எழுதலாம், அதற்காக அவருடைய வேலைக்கு எந்தப் பங்கமும் வராது. தீர்மானம் நிறைவேறிய அன்று நிறுவனர் பாதியில் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அந்த ஆந்தையை மேசைக்குக் கொண்டுவந்தபோது, யாரும் அழைக்காமலேயே வந்து, துண்டைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய அன்பை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை என்பதற்காக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையில், இத்தகைய மருத்துவமனைகளில் மிகப் பல யாரோ ஒருவருடைய பிடிவாதமான அன்பினால்தான் பிறந்தவை. 1971 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதி ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் எண்ணெயில் மூழ்கியபோது, அவற்றைக் கழுவிக் காப்பாற்றும் முறையை யாரும் சரியாக அறிந்திருக்கவில்லை. அப்போது முன்வந்த ஆலிஸ் பெர்க்னர் என்ற செவிலியர் தொடங்கியதுதான் இன்று சர்வதேசப் பறவை மீட்பு அமைப்பாக நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் போர்ட் மக்குவாரியில் ஒரு தம்பதியின் முயற்சியால் 1973-இல் உருவானது கோவாலா மருத்துவமனை. பிரிட்டனின் எய்ல்ஸ்பரிக்கு அருகே முள்ளெலிகளுக்காகப் புகழ்பெற்ற மருத்துவமனை, லெஸ் ஸ்டாக்கர் குடும்பத்தாரின் வீட்டுத் தோட்டத்தில் ஆரம்பித்ததாகும். குழுக்கள் கூடித் தீர்மானம் போட்டு இவற்றைத் தொடங்கியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் குழுவும் நள்ளிரவில் எழுந்து குஞ்சுக்கு இரை ஊட்டியதில்லை.

ஆனால் தொடங்குவதற்கு வேண்டிய குணமும் நிலைபெறுவதற்கு வேண்டிய குணமும் வேறு வேறு. வீட்டுத் தோட்டத்தில் 10 உயிர்கள் இருந்த காலத்தில் எல்லாவற்றையும் நிறுவனர் தலையிலேயே வைத்திருந்தார். அது போதுமானதாகவும் இருந்தது. ஆண்டுக்கு 2,000 உயிர்கள் வந்து, 15 பேர் சம்பளம் வாங்கி, 100 தன்னார்வலர்கள் முறைவைத்து வரத் தொடங்கிய பிறகும் எல்லாம் அதே ஒரு தலையில் இருந்தால், அந்தத் தலைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் மருத்துவமனை முடங்கும். எங்கள் இடத்தில் மருந்து வழங்குநரின் தொலைபேசி எண்ணிலிருந்து வங்கிக் கடவுச்சொல்வரை நிறுவனருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. குழுவிலோ அவர், அவருடைய கணவர், இருவரின் கல்லூரித் தோழர், அவர்களுடைய குடும்பத் தணிக்கையாளர், நான். நானும் அவர் அழைத்துத்தான் வந்தேன். ஐந்து பேரில் நால்வர் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள். அவருடைய பணியை மதிப்பீடு செய்வதும் அந்த நால்வர்தாம்! தலைமை நிர்வாகியின் பணியை ஆண்டுக்கு ஒருமுறை எழுத்துமூலம் மதிப்பிட வேண்டும் என்று நான் சொன்னபோது, ஏதோ பெற்ற தாயின் மீது வழக்குத் தொடரச் சொன்னதுபோல் பார்த்தார்கள்.

இதற்கு மருந்து யாருக்கும் தெரியாததன்று. பிரிட்டனில் 2017-இல் வெளியான அறக்கட்டளை நிர்வாக நெறிக்குறிப்பு, ஓர் அறங்காவலர் 9 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க வேண்டுமானால் அதற்குக் கடுமையான பரிசீலனை தேவை என்றும் காரணத்தை ஆண்டறிக்கையில் விளக்க வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 என்ற படிவத்தை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். அதில் தலைமை நிர்வாகியின் ஊதியம் இருக்கும். குழுவினரின் சொந்த நலன் நிறுவனத்தின் நலனோடு முரண்படும் நிலையைக் கையாள எழுதப்பட்ட கொள்கை உண்டா, உள்ளிருந்து புகார் சொல்பவரைக் காக்கும் ஏற்பாடு உண்டா என்ற கேள்விகளும் இருக்கும். ஆம், இல்லை என்று ஒரு கட்டத்தில் குறியிடுவதால் மட்டும் யாரும் யோக்கியராகிவிடப் போவதில்லைதான். என்றாலும் ஆண்டுதோறும் ஒருமுறையாவது “இல்லை” என்று எழுதிக் கையெழுத்திடும் கூச்சம் சில மாற்றங்களைக் கொண்டுவரும்.

நிறுவனர் இல்லாமல் போனாலும் மருத்துவமனை நிற்க முடியும். ஸ்டீவ் இர்வின் ஆஸ்திரேலியாவின் பியர்வாவில் 2004-இல் திறந்த வனவிலங்கு மருத்துவமனை, முன்பு வெண்ணெய்ப்பழங்களைக் கட்டி அனுப்பிய ஒரு பழைய கொட்டகையில்தான் இயங்கியது. 2006-இல் அவர் திடீரென மறைந்தார். 2008-இல் அதே மருத்துவமனை புதிய, பெரிய கட்டடத்துக்கு மாறியது, இன்றும் நடந்துவருகிறது. அவருடைய பெயரும் குடும்பமும் அதற்குத் துணையாக இருந்தன என்பது உண்மை; கூடவே, மருத்துவமனைக்கு முன்பே, 2002-இல், காட்டுயிர்ப் பாதுகாப்புக்கெனத் தனித் தொண்டு அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது என்பதும் உண்மை. புகழும் பெயரும் இல்லாத சிறு மருத்துவமனைகளுக்கு அந்த இரண்டாவது ஏற்பாடுதான் கைகொடுக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. இங்கேதான் அறங்காவலர்கள் மிக எளிதாக ஏமாறுகிறார்கள். பத்திரிகைகளும் ஏமாறுகின்றன என்று சொன்னால் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். “மூன்றில் இரண்டு பங்கு உயிர்களைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பினோம்” என்று ஓர் ஆண்டறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்தவை 1,000, விடுவிக்கப்பட்டவை 400. அப்படியானால் அது 40 விழுக்காடுதானே? வரும்போதே இறந்திருந்த 100 உயிர்களையும், முதல் 48 மணி நேரத்தில் இறந்த அல்லது கருணைக்கொலை செய்யப்பட்ட 300 உயிர்களையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், 600-க்கு 400 என்று ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. காட்டுயிர் மருத்துவத்தில் இறப்புகளின் பெரும்பங்கு முதல் இரண்டு நாள்களிலேயே நேர்வதால், அந்தக் கோட்டைச் சற்று நகர்த்தினாலே தோல்வி வெற்றியாகத் தெரியும்.

அதைவிட ஆபத்தானது, விடுவிப்பு விழுக்காட்டையே தலைமை நிர்வாகியின் திறமைக்கு அளவுகோலாக வைத்துவிடுவது. அப்படி வைத்த அன்றே, பிழைக்க வாய்ப்புக் குறைந்த உயிரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஆசை வரும். இன்னும் பறக்கத் தேறாத பறவையை மாதக் கடைசிக்குள் திறந்துவிடும் ஆசையும் வரும். மனிதக் குரலுக்குப் பழகி, மனிதரையே தன் இனமாக எண்ணி வளர்ந்துவிட்ட குஞ்சும் கதவைத் திறந்தால் பறந்துதான் போகும். பதிவேட்டில் அது ஒரு வெற்றியாகவே ஏறும். அது யாருடைய தோளில் போய் உட்கார்ந்து என்ன ஆனது என்பதை எந்த ஆண்டறிக்கையும் எழுதுவதில்லை. நான் இருந்த குழு கடைசியில் ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் கேட்டு வாங்கத் தொடங்கியது. வந்தவை, வரும்போதே இறந்தவை, 48 மணி நேரத்துக்குள் இறந்தவை, பின்னர் இறந்தவை, கருணைக்கொலை, விடுவிப்பு, வேறிடம் அனுப்பியவை, இன்னும் சிகிச்சையில் இருப்பவை, 180 நாள்களைத் தாண்டியும் கூண்டிலேயே இருப்பவை என எல்லாம் அதில் இருக்கும். கூட்டினால் வந்தவற்றின் தொகைக்குச் சரியாக வர வேண்டும். முதல் மாதம் 11 உயிர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை. கூண்டு கூண்டாகப் போய் எண்ணித்தான் கண்டுபிடித்தோம்.

பணத்தைப் பற்றிப் பொருளாளன் எழுதாமல் இருக்க முடியாது. 2019-இன் இறுதியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீ பரவியபோது, நான் மேலே குறிப்பிட்ட போர்ட் மக்குவாரி கோவாலா மருத்துவமனை, காடுகளில் குடிநீர்த் தொட்டிகள் வைப்பதற்காக 25,000 ஆஸ்திரேலிய டாலர் இலக்கு வைத்து இணையத்தில் நிதி கேட்டது. தீக்காயம்பட்ட கோவாலாக்களின் படங்கள் உலகெங்கும் பரவ, வந்து சேர்ந்ததோ 70 லட்சம் டாலருக்கும் மேல்! இதை அதிர்ஷ்டம் என்றுதான் எவரும் சொல்வார்கள். பொருளாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தொட்டிக்கென்று கொடுத்த பணத்தில் சம்பளம் தரலாமா, கட்டடம் எழுப்பலாமா, அடுத்த பத்தாண்டுகளுக்கு வைப்பில் போடலாமா என்ற கேள்விகளுக்கு ஒரே வாரத்தில் விடை சொல்லும்படி எந்தச் சிறு குழுவும் பழக்கப்பட்டிருப்பதில்லை.

அதே தீயின்போது ஒரு நகைச்சுவை நடிகை திரட்டிய 5 கோடியே 10 லட்சம் டாலருக்கும் அதிகமான நிதியின் கதை இன்னும் கூர்மையானது. பணம் நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் படையின் நன்கொடை அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது. காயம்பட்ட விலங்குகளுக்கும் வேறு தொண்டு நிறுவனங்களுக்கும் அதில் ஒரு பகுதி போக வேண்டும் என்று கொடுத்தவர்களில் பலர் நினைத்தார்கள். திரட்டியவரும் அப்படியே விரும்பினார். 2020 மே மாதம் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. கொடுத்தவரின் மனதில் என்ன இருந்தது என்பதைவிட, அறக்கட்டளைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே செல்லும். தீயணைப்புக் கருவிகள், பயிற்சி போன்றவற்றுக்கும் காயமுற்ற தீயணைப்பு வீரர்களுக்கும் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் செலவிடலாம், விலங்குகளுக்கு முடியாது. ஒரு விலங்கு மருத்துவமனையின் அறங்காவலர் தம் நிறுவனப் பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படிக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. எங்கள் பத்திரத்தில் “காயமுற்ற பறவைகள்” என்று மட்டும் இருந்தது. பாலூட்டிகளுக்கு நாங்கள் 9 ஆண்டுகளாகச் செலவழித்துவந்தோம்.

படத்துக்கு அழகான விலங்குக்குப் பணம் வருகிறது; வௌவாலுக்கும் பாம்புக்கும் வருவதில்லை. இதை மாற்ற முடியாது. குறிப்பிட்ட ஓர் உயிரின் பெயரால் நிதி கேட்கும்போதே, மீதமாகும் தொகை பிற உயிர்களின் சிகிச்சைக்கும் பயன்படும் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் பிற்காலத் தலைவலி பாதி குறையும். வௌவாலைக் கையாளும் தன்னார்வலருக்கு முன்கூட்டியே போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் செலவை யாருடைய படத்தைக் காட்டிக் கேட்பது?

மருந்து அலமாரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயக்கத்துக்குப் பயன்படும் கெட்டமினும் கருணைக்கொலைக்குப் பயன்படும் பென்டோபார்பிட்டலும் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். எங்கள் பதிவேட்டில் மூன்று கெட்டமின் குப்பிகள் என்றிருந்த நாளில் அலமாரியில் இரண்டுதான் இருந்தன. திருட்டு ஒன்றுமில்லை, நள்ளிரவில் வேலியில் சிக்கிய மானுக்காக அவசரத்தில் எடுத்தவர் அட்டைப்பெட்டியின் மூடியில் குறித்துவைத்திருந்தார், காலையில் பெருக்க வந்தவர் பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டார். அந்த மானும் பிழைக்கவில்லை. பென்டோபார்பிட்டல் செலுத்தப்பட்ட உடலைச் சரியாகப் புதைக்காமலோ எரிக்காமலோ விட்டால், அதைத் தின்ன வரும் கழுகும் நரியும் சாகும் என்பதைப் பல அறங்காவலர்கள் அறிய மாட்டார்கள். உடல்களை என்ன செய்கிறோம் என்று ஒரு கூட்டத்தில் நான் கேட்டபோது அறையில் அமைதி நிலவியது. காட்டுயிரைக் காப்பாற்ற ஏற்பட்ட இடத்தின் பின்வாசலிலிருந்தே நஞ்சு காட்டுக்குள் போய்விடக் கூடாதே என்ற கவலை குழுவின் கவலைதான். அதை மருத்துவமனை உதவியாளர் ஒருவரின் தலையில் கட்டிவிட முடியாது.

வாசலை எப்போது மூடுவது என்பதும் அப்படியே. 2021-க்குப் பிறகு எச்5என்1 பறவைக் காய்ச்சல் காட்டுப்பறவைகளிடையே கண்டம்விட்டுக் கண்டம் பரவியபோது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல மறுவாழ்வு மையங்கள் நீர்ப்பறவைகளையும் இரைகொல்லிப் பறவைகளையும் ஏற்பதை நிறுத்தின. சில, வெளியே கூடாரம் போட்டுப் பரிசோதித்த பிறகே உள்ளே விட்டன. நோயுற்ற ஒரு வாத்தை இரக்கப்பட்டு உள்ளே எடுத்தால், ஏற்கெனவே தேறிவரும் 80 பறவைகளுக்கும் ஆபத்து. வாசலில் அட்டைப்பெட்டியுடன் ஒரு குழந்தை அழுதுகொண்டு நிற்கும்போது வரவேற்பு மேசையில் இருக்கும் 20 வயதுத் தன்னார்வலர் அந்த முடிவை எடுக்க வேண்டுமா? “குழு முன்பே முடிவு செய்திருக்கிறது, காரணம் இது, நீங்கள் போக வேண்டிய இடம் அது” என்று படித்துக் காட்ட அவர் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் குஞ்சுகள் குவியும்போது எத்தனைக்கு மேல் ஏற்பதில்லை என்ற எண்ணும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். எண் இல்லாத இடத்தில் ஒரே கூண்டில் நோயும் நெரிசலும் சேரும். ஓய்வில்லாத ஊழியர்கள் ஒவ்வொருவராக விலகிப்போவார்கள். எங்களிடமிருந்து மூன்று ஆண்டுகளில் நான்கு மருத்துவர்கள் போனார்கள். ஒவ்வொருவரும் குடும்பக் காரணம் என்றே எழுதிக்கொடுத்தார்கள். விலகும் மருத்துவரை அழைத்து, தலைமை நிர்வாகி உடனில்லாமல், அறங்காவலர் ஒருவர் அரைமணி நேரம் பேசும் வழக்கம் நான்காமவர் போன பிறகே வந்தது. வந்திருக்க வேண்டியது முதலாமவர் போனபோது.

இவ்வளவும் சொன்னதால், இத்தகைய மருத்துவமனைகளுக்கு நன்கொடை கொடுப்பதை வாசகர்கள் நிறுத்திவிடக் கூடாது. கேள்வி கேட்பவர் கொடுக்க மாட்டார், கொடுப்பவர் கேட்க மாட்டார் என்ற நிலைதான் இந்த நிறுவனங்களைக் கெடுக்கிறது. 50 பேர் கொடுத்துவிட்டுக் கேட்டால் போதும், ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் கூடுதலாக அச்சாகும். நான் இருந்த குழுவில் இப்போது 9 பேர் இருக்கிறார்கள் என்றும் அவர்களில் இருவர் மட்டுமே நிறுவனருக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்றும் கேள்விப்படுகிறேன். நிறுவனர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகி, குஞ்சுகளை வளர்க்கும் பிரிவை மட்டும் பார்த்துக்கொள்கிறாராம். அதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை விடுவிப்பு நிகழ்ச்சி ஒன்றுக்குத் தங்கள் செய்தியாளர் செல்லும்போது, படம் எடுத்து முடித்த பிறகு, அந்த மருத்துவமனையில் 180 நாள்களுக்கு மேலாக இருக்கும் உயிர்கள் எத்தனை என்றும், அவை ஒவ்வொன்றும் ஏன் இன்னும் அங்கே இருக்கின்றன என்று அறங்காவலர் குழு கடைசியாக எந்தத் தேதியில் கேட்டது என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். எண்ணை உடனே சொல்லிவிடுவார்கள். தேதியைத் தேடிக் குறிப்பேட்டைப் புரட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அவர் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
வனவிலங்கு மருத்துவமனை ஒன்றின் முன்னாள் பொருளாளர்